முக்கால் இன்ச் பைப்பில் 22 மி.மீ. கப்ளிங்: ஹாரோ வீடு ஒன்றின் ஹீட்டிங் கசிவு

லண்டனின் வடமேற்குப் பகுதியான ஹாரோவில், 1930களில் கட்டிய வீடு. நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் வகை. அந்தப் பக்கத்தில் தெருத்தெருவாக இப்படித்தான் இருக்கும். கீழே கூடமும் பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையும், மேலே மூன்று படுக்கையறையும் ஒரு குளியலறையும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ஐயாவும் அம்மாவும் தொண்ணூறுகளில் வாங்கி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வீடு. போன ஜனவரியில் ஐயா கூப்பிட்டார்.

"தம்பி, பொயிலர்ல பிரஷர் நிக்குதில்லை. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறன். இப்ப கூடத்துச் சீலிங்கில கறையும் பெருத்துக்கொண்டு வருது."

குளிர் நாட்டு வீடுகளின் ஹீட்டிங்கைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாய்லர் சூடாக்கும் தண்ணீர் பைப் வழியாக ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் போய், சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீர் இல்லை இது. அதே தண்ணீர் வருஷக்கணக்கில் சுற்றும். இந்த வீட்டில் இருப்பது மூடிய அமைப்பு. குளிர்ந்திருக்கும்போது அழுத்த மானி 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். இரண்டு நாளில் அது அரை பாருக்கு இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கோ வெளியே போகிறது.

இந்த வேலையை விரிவாக எழுதக் காரணம், உடைந்த பைப் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. எல்லாப் பைப்பும் நல்ல பைப்தான். ஒரு வகைப் பைப் இன்னொரு வகையைச் சந்தித்த மூன்று இடங்களில், மூன்றிலும் தப்பான ஃபிட்டிங்.

கசிவைத் தேடியது

பிரஷர் குறைந்தால் முதலில் பாய்லரின் மேல்தான் பழி விழும். முதல் நாள் சாயங்காலம், பாதுகாப்பு வால்விலிருந்து வெளிச்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வடிகுழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். 3 பாரைத் தாண்டினால் தண்ணீரை வெளியே தள்ளும் வால்வு அது. பழுதானால் சத்தமில்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் மானியை 1.3 பாருக்கு ஏற்றி, பாய்லருக்கு அடியில் இருக்கும் போக்கு, வரவு இரண்டு வால்வையும் மூடிவிட்டு வந்தேன். அன்றிரவு மட்டும் ஹீட்டிங் வேண்டாம் என்று சொன்னதும் அம்மா முகம் சுருங்கியது. ஒரு மின்சார ஹீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காலையில் பை காய்ந்திருந்தது. மானி 1.3 பாரில் அப்படியே நின்றது. வால்வைத் திறந்ததும் மளமளவென்று 0.7க்கு விழுந்தது. ஆக பாய்லரில் குறையில்லை, வீட்டுக்குள் ஓடும் பைப்பில்தான். பாய்லரின் வாயுப் பக்கத்தைத் தொட இங்கே சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். அந்தப் பக்கம் போகாமலே வேலை முடியும் என்பது இதில் தெரிந்துவிட்டது.

கூடத்துக் கறைக்கு நேர் மேலே மாடிப்படி முடியும் இடம். கம்பளத்தை மடக்கி, தரைப்பலகையில் மூன்றைத் தூக்கினோம். தண்ணீர் நேராக விழாது. உத்தரத்தின் மேல் ஊர்ந்து, தோதான இடத்தில்தான் சொட்டும். கறையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் கண்ணில் பட்டது: இரண்டு பைப்பை இணைக்கும், பச்சை படிந்த ஒரு பித்தளைக் கப்ளிங். அதன் நட்டுக்கு வெளியே வெள்ளை டேப் நூல் நூலாகத் தொங்கியது.

அந்த டேப்பைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. அது கம்ப்ரெஷன் ஃபிட்டிங். நட்டை முடுக்கும்போது உள்ளே இருக்கும் ஆலிவ் என்ற பித்தளை வளையம் (இந்தியாவில் ஃபெரூல் என்போம்) நசுங்கிப் பைப்பைக் கவ்வும். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான். மரையின் வேலை நட்டை இழுத்துப் பிடிப்பதோடு முடிந்துவிடும். மரையில் டேப் சுற்றியவர் கசிவை ஏற்கெனவே பார்த்திருக்கிறார், காரணத்தைத்தான் பார்க்கவில்லை. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தண்ணீர் ஆலிவுக்கு அடியில் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அரை மில்லிமீட்டர்

கப்ளிங்கின் வலப்பக்கப் பைப்பில் 22 மி.மீ. என்று முத்திரை இருந்தது. இடப்பக்கப் பைப் நிறம் கறுத்து, எழுத்து ஏதும் இல்லாமல் இருந்தது. விட்டம் அளக்கும் வெர்னியரை வைத்தேன். வலப்பக்கம் 22.0, இடப்பக்கம் 21.5.

ஐயா ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். வீட்டை விற்றவர்கள் விட்டுப்போன காகிதங்கள். அதன்படி ஹீட்டிங் முதலில் வந்தது அறுபதுகளின் கடைசியில். சமையலறையை நீட்டிக் கட்டியது 1984இல். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. பிரிட்டனில் செம்புக் குழாய் 1970களின் தொடக்கத்தில் அங்குலக் கணக்கிலிருந்து மெட்ரிக் கணக்குக்கு மாறியது. அங்குலப் பைப்பின் பெயர் அதன் உள்விட்டம். மெட்ரிக் பைப்பின் பெயர் வெளிவிட்டம். பழைய முக்கால் இன்ச் பைப்புக்கு உள்ளே 19 மி.மீ., சுவரையும் சேர்த்தால் வெளியே 21.5. அதன் இடத்துக்கு வந்தது 22.

இதில் ஒரு வேடிக்கையான அநியாயம் இருக்கிறது. பழைய அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 15.1 மி.மீ. வரும், ஆகவே 15 மி.மீ. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் அதில் அப்படியே உட்காரும். ஒரு இன்ச் பைப்பும் 28.2, அதற்கு 28 மி.மீ. ஃபிட்டிங் சரி. நடுவில் இருக்கும் முக்கால்தான் ஏமாற்றும். அரை இன்ச்சில் பத்து முறை பொருத்திப் பழகிய கை, முக்காலிலும் அதே நம்பிக்கையோடு 22ஐ எடுக்கும். பைப்பும் உள்ளே போகும், நட்டும் முடுக்கிக்கொள்ளும். வளையத்துக்கும் பைப்புக்கும் நடுவே இருக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. முக்கால் இன்ச் சி.பி.வி.சி. (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பின் வெளிவிட்டம் 22.2 மி.மீ. அதே முக்கால் இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்குக் கிட்டத்தட்ட 27. பக்கத்துக் கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர். இங்கே மூன்றாவதாக 21.5. மூன்று பைப்பும் முக்கால்தான், ஒன்றின் ஃபிட்டிங் இன்னொன்றுக்கு உதவாது. அதனால் நான் எந்த வீட்டிலும் பைப்பின் பெயரைக் கேட்பதில்லை. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெர்னியரை இரண்டு திசையில் வைத்து அளப்பேன். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் பைப் வட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

நட்டைக் கழற்றியதும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. 22 பக்கத்தில் ஆலிவ் சுற்றிலும் சீராகக் கவ்வியிருந்தது. பழைய பக்கத்தில் இடைவெளியை நிரப்ப ஸ்பானரால் மேலும் மேலும் முடுக்கியிருக்கிறார்கள். ஆலிவ் ஒரு புறம் சப்பி, மறுபுறம் பைப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பைப்பும் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

இத்தனை வருஷம் ஏன் சொட்டவில்லை

ஐயாவும் இதைத்தான் கேட்டார். "நாங்கள் வந்து முப்பது வருஷம் தம்பி, ஒரு சொட்டும் விழேல்லையே?"

பழைய ஹீட்டிங் திறந்த அமைப்பு. பரணில் ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிப் பைப்பை நிரப்பும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இந்தக் கப்ளிங்குக்கும் உயரம் மூன்று மீட்டர்தான் இருக்கும். அதாவது இணைப்பின் மேல் இருந்த அழுத்தம் 0.3 பார். அரைகுறையாகக் கவ்விய ஆலிவும் அதற்குத் தாங்கும். ஒரு துளி கசிந்தாலும் சூட்டில் காய்ந்து, உப்பும் துருவும் சேர்ந்து ஓட்டையைத் தானே அடைத்துவிடும். குறைந்த தண்ணீரைத் தொட்டி பேசாமல் நிரப்பிவிடும், யாருக்கும் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் தொட்டியை எடுத்துவிட்டு காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒன்றே) போட்டார்கள், அமைப்பு மூடியதாக மாறியது. இப்போது அதே கப்ளிங்கின் மேல் குளிர்ந்த நிலையிலேயே ஒரு பாருக்கு மேல். சூடானால் இன்னும் ஏறும். 0.3 தாங்கிய இணைப்பை நாலைந்து மடங்கு அழுத்தத்தில் வைத்தால் என்ன ஆகும்? புது பாய்லர் போட்டவர் அந்தக் கப்ளிங்கைத் தொட்டிருக்கக்கூட மாட்டார். ஆனாலும் பழைய பைப்பை மூடிய அமைப்புக்கு மாற்றும்போது அழுத்தச் சோதனை செய்து வீட்டுக்காரரிடம் காட்டியிருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அரைநாள் வேலைதான்.

இன்னொரு விஷயம் சூட்டின் விரிவு. செம்பு ஐந்து மீட்டர் நீளத்துக்கு, 60 டிகிரி ஏறினால் 5 மி.மீ. வரை நீளும். ஹீட்டிங் நின்றதும் இரவில் பைப் சுருங்கும்போது உத்தரத்தில் உரசி டிக் டிக் என்று கேட்கும். கறை காலையில்தான் பெரிதாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னது இதனால்தான். சுருங்கும் பைப் ஒவ்வொரு இரவும் அந்த ஆலிவை இழுத்துப் பார்த்திருக்கிறது.

எதைப் போடுவது

தரைப்பலகைக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே போகும் இணைப்பு இது. மறுபடி யாரும் சுலபமாகத் திறந்து பார்க்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்தாலேயே என் தேர்வு குறுகிவிட்டது.

பைப்பைத் தள்ளிச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் புஷ்-ஃபிட் கூடாது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் பற்களும் 22க்கு அளந்தவை, 21.5இல் உட்கார்ந்ததுபோல் இருக்கும், ஒரு நாள் கழன்றுவிடும். ஃபிட்டிங்கை நசுக்கிப் பைப்பில் பிடிக்கவைக்கும், என் வண்டியில் இருக்கும் பிரஸ் கருவியும் அதே காரணத்தால் இங்கே உதவவில்லை. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அதே 22 கம்ப்ரெஷன் கப்ளிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும் முக்கால் இன்ச்சுக்கென்றே விற்கும் தடித்த ஆலிவைப் போடுவது. சின்னப் பொட்டலம், விலையும் அற்பம். 1984இல் வேலை செய்தவர் இதைப் போட்டிருந்தாலே போதும். கையெட்டும் இடமாக இருந்தால் நானும் இதையேதான் போட்டிருப்பேன். மற்றது, ஒரு வாய் முக்கால் இன்ச்சுக்கும் மறு வாய் 22க்கும் அளவெடுத்த செம்பு அடாப்டரைச் சால்டர் (உருக்கி ஒட்டவைக்கும் உலோகம்) வைத்துப் பற்றவைப்பது.

நான் சால்டரைத் தேர்ந்தேன். அதில் நட் இல்லை, தளர ஒன்றும் இல்லை. ஆனால் தொண்ணூறு வருஷம் காய்ந்த மரத்துக்கு நடுவே நெருப்பு டார்ச் பிடிப்பது விளையாட்டில்லை. அதனால் அடாப்டரின் 22 வாயில் ஒரு முழத் துண்டுப் பைப்பை வீட்டுக்கு வெளியே தோட்டத்திலேயே பற்றவைத்து எடுத்துவந்தேன். தரைக்கு அடியில் டார்ச் காட்ட வேண்டியது இரண்டே இடம். பழைய தூசியை உறிஞ்சி எடுத்து, தீத்தடுப்புத் துணி விரித்து, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலேயே அந்த வேலையை முடித்தேன். சாயங்காலம் கிளம்பும் வரை பல முறை கையால் தொட்டுப் பார்த்தேன். மரத்துக்குள் புகையும் நெருப்பு உடனே வெளியே தெரியாது.

தண்ணீரை எவ்வளவு வடித்தாலும் நடுவில் தொய்ந்த பைப்பில் கொஞ்சம் தங்கும். அது ஆவியாகி வந்தால் சால்டர் ஓடாது. வெட்டிய வாயில் உறிஞ்சியை வைத்துக் காலி செய்தேன். முட்டை வடிவமான பகுதியை நாலு அங்குலம் வெட்டி எறிந்தேன். நசுங்கிய பைப்பில் எந்த அடாப்டரும் சரியாக உட்காராது. ஹீட்டிங் தண்ணீருக்கு ஈயம் கலந்த சால்டர் இன்னும் அனுமதிதான், ஆனாலும் நான் ஈயமில்லாததை மட்டுமே வைத்திருக்கிறேன். என்றாவது ஒரு நாள் அவசரத்தில் கை மாறி குடிநீர்ப் பைப்புக்குப் போய்விடக் கூடாது. ஆறிய பின், சால்டர் ஒட்டுவதற்காகத் தடவிய ஃப்ளக்ஸை ஈரத்துணியால் துடைத்தேன். அது தங்கினால் செம்பு பச்சை பிடிக்கும்.

முழுப் பைப்பையும் மாற்றிவிடலாமா என்று ஐயாவின் மகன் ஃபோனில் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் காலத்துச் செம்பின் சுவர் இன்று விற்பதைவிடத் தடிமன். மூன்று அறைத் தரையைப் பிரித்து நல்ல பைப்பை எடுத்து மெல்லிய பைப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பலகையை மூடும் முன் அதன் அடிப்புறத்தில் தடித்த மார்க்கரால் எழுதினேன்: இடது பக்கம் முக்கால் இன்ச், வலது பக்கம் 22 மி.மீ., அம்புக்குறி, தேதி.

மற்ற இரண்டு

தண்ணீரை வடித்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. கறுப்பு மை போல வந்தது. ரேடியேட்டரின் எஃகு அரித்து வரும் கசடு அது. இரண்டு நாளுக்கு ஒரு முறை புதுத் தண்ணீர் விட்டால் அதோடு ஆக்சிஜனும் உள்ளே போகும், அரிப்பைத் தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போகும். ஆக்சிஜன் வர வேறு வழியும் உண்டா என்று சமையலறைப் பக்கம் பார்த்தேன். அங்கே பிளாஸ்டிக் பைப். நல்லவேளையாக, ஆக்சிஜனைத் தடுக்கும் படலம் உள்ள வகைதான் என்று மேலே அச்சடித்திருந்தது. அது இல்லாத வகையை ஹீட்டிங்குக்குப் போட்டால் பைப்பின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் நுழையும்.

குறை அதன் இணைப்பில் இருந்தது. 15 மி.மீ. செம்பையும் 15 மி.மீ. பிளாஸ்டிக்கையும் ஒரு கம்ப்ரெஷன் கப்ளிங்கில் சேர்த்திருந்தார்கள். அளவு சரிதான், ஆனால் பிளாஸ்டிக் வாய்க்குள் வைக்க வேண்டிய தாங்கு குழல் இல்லை. ஆலிவ் நெருக்கும்போது செம்பு எதிர்த்து நிற்கும். பிளாஸ்டிக், அதுவும் சூடான பிளாஸ்டிக், உள்பக்கமாக வளைந்து கொடுத்துக்கொண்டே போகும். இன்று இறுக்கமாக இருப்பது ஆறு மாதத்தில் தளரும். அந்த நட்டின் அடியில் கை வைத்தபோது ஈரம். இன்னொன்று, அந்தப் பிளாஸ்டிக் பாய்லரிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கியிருந்தது. பாய்லரை ஒட்டி முதல் ஒரு மீட்டராவது செம்பாகவே இருக்க வேண்டும்.

செம்பை நீட்டி, தள்ளிப்போய் புஷ்-ஃபிட் கப்ளர் போட்டேன். பைப் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் கப்ளரும் தாங்கு குழலும். வெளிவிட்டம் எல்லாக் கம்பெனிக்கும் 15தான், சுவரின் தடிமன் மாறும். ஒன்றின் குழல் இன்னொன்றில் ஆடும். செம்பு வாயை ரம்பத்தால் அறுக்காமல் உருளும் கட்டரால் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கினேன். கூர்மையான விளிம்பு உள்ளே போகும்போதே ரப்பர் வளையத்தைக் கீறிவிடும். பிளாஸ்டிக் செம்பைவிடப் பல மடங்கு நீளும் என்பதால் அதை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் வளைய விட்டேன்.

மூன்றாவது, குளியலறைத் துண்டு காயவைக்கும் ரேடியேட்டர். வெளியே தெரியும் பைப் என்பதால் அழகுக்காகக் குரோம் பூசிய செம்பு. அதைத் தரைக்கு அடியில் புஷ்-ஃபிட்டில் செருகியிருந்தார்கள். அளவில் தப்பில்லை. ஆனால் புஷ்-ஃபிட்டின் பற்கள் செம்பில் லேசாகப் பதிந்துதான் பிடிக்கும். குரோம் அதற்கு இடம் கொடுக்காத கடினம். பைப்பில் போட்டிருந்த ஆழக்குறி கப்ளரின் வாயிலிருந்து 3 மி.மீ. வெளியே வந்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்த வீட்டின் பெரிய கசிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். அங்கே பித்தளை ஆலிவ் உள்ள கம்ப்ரெஷன் கப்ளிங் போட்டு, மேலே திறந்து பார்க்க ஒரு பலகை மூடி வைத்தேன். கையால் முடுக்கி, அப்புறம் ஸ்பானரில் சுமார் ஒரு சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

அதே ரேடியேட்டரின் வால்வு சேரும் இடம் வேறு கதை. ரேடியேட்டருக்குள் முடுக்கும் அரை இன்ச் மரையில் தண்ணீரைத் தடுப்பது மரையேதான். அங்கே டேப் கட்டாயம் வேண்டும், பன்னிரண்டு சுற்றாவது. அங்கேதான் யாரோ கஞ்சத்தனமாக மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

முடிவு

எல்லாம் பொருத்தியதும் சுத்தத் தண்ணீர் விட்டு, கறுப்பு மாறும் வரை ஒவ்வொரு ரேடியேட்டராகக் கழுவினேன். பெரும்பாலான நேரம் இதற்குத்தான் போனது. பிறகு 2 பாருக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டேன், மானி அசையவில்லை. பாய்லரை முழுச் சூட்டில் ஓட்டி, ஆறவிட்டு, மூன்று இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆறும்போது பார்ப்பதுதான் முக்கியம். கடைசியாக அரிப்புத் தடுப்பு மருந்தை ஊற்றி, 1.3 பாரில் விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து 1.3. ஏப்ரலில் கூடத்துச் சீலிங்குக்கு வண்ணம் அடிக்கும்போது போய்ப் பார்த்தேன், அப்போதும் முள் அங்கேயேதான் நின்றது. ஐயா நடுவில் ஒரு முறைகூடத் தண்ணீர் விடவில்லை.

கூடத்து ஓடுதரைக்கு அடியில் பழைய பைப்பும் 1984 பைப்பும் சேரும் இன்னும் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. அவற்றை நான் பார்க்கவில்லை. அழுத்தம் நிற்பதால் இப்போதைக்குத் தரை ஓடுகளை உடைக்க வேண்டியதில்லை என்று ஐயாவிடம் சொல்லி, அவை எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில் இருக்கக்கூடும் என்று கோப்பில் வரைந்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது திறந்தால் முக்கால் இன்ச் ஆலிவோ அடாப்டரோ இரண்டு வேண்டும் என்றும் பக்கத்தில் எழுதியிருக்கிறது.